ஆறில்லாத ஊருக்கு வந்த தண்ணீர்

அலெக்சாந்திரியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சுற்றிலும் உப்புநீர் இருக்கும் ஊரில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். வாய்க்காலும் மதகுமாக வாழ்ந்தவர் நீங்கள், வேறு எதை முதலில் கேட்பீர்கள்? இந்த ஊர் வளர்ந்ததும் தேய்ந்ததும் தண்ணீரால்தான்.

எகிப்தின் இந்த ஊர் நிற்பது நீளமான ஒரு சுண்ணாம்புப் பாறைத் திட்டில். வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே மரியூத் ஏரி. கி.மு. 331இல் அலெக்சாண்டர் ஊருக்கு இடம் குறித்தபோது இங்கே ஆறு இல்லை. நைலின் மேற்குக் கிளையிலிருந்து வாய்க்கால் வெட்டி, வெள்ளக் காலத்து நீரை நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பினார்கள். வண்டல் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை இறைத்துக் குடித்தார்கள். ஷல்லாலாத் தோட்டத்தில் அல்-நபீஹ் தொட்டி இன்னமும் இருக்கிறது: 3 அடுக்கு, தூண்மேல் தூண். பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நிறுத்திய தூண்கள் அவை.

கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் இங்கே முற்றுகையில் சிக்கியபோது, எதிர்த்து நின்ற எகிப்தியப் படையின் தளபதி கானிமிடிஸ் கடல்நீரை இறைத்து ரோமர் பக்கத்து வாய்க்காலில் விட்டான். வீரர்கள் நடுங்கிப்போனார்கள். கடற்கரையில் நல்ல ஊற்று இருக்கும் என்று சொல்லி, சீசர் இரவோடு இரவாகக் கிணறு தோண்ட வைத்தார். நல்ல தண்ணீர் கிடைத்தது. மழைநீர் கனம் குறைவு, உப்புநீருக்கு மேலாக நிற்கும். நம் கரையோரத்து ஊற்றும் அப்படித்தானே?

சேரநாட்டு முசிறிச் சரக்கும் இங்கே வந்திருக்கிறது. அதைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்துள்ளது. செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரை ஊரான கோப்டோஸ், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியா. சுங்கம் கால் பங்கு!

வாய்க்கால் தூர்ந்த காலங்களில் ஊரும் சுருங்கியது. 1801இல் பிரெஞ்சுப் படையை மடக்க ஆங்கிலேயர் கரையை வெட்டிக் கடலை ஏரிப் படுகைக்குள் விட்டதில் கிராமங்கள் மூழ்கின, நிலம் உப்பேறியது. பிறகு எகிப்தை ஆண்ட முகமது அலி 1817 முதல் 1820க்குள் மஹ்மூதியா வாய்க்காலை வெட்டி நைல் நீரை மறுபடி கொண்டுவந்தார். பருத்தி வணிகமும் இன்றைய பெருநகரமும் அதன்பின் வந்தவை. கட்டாய வேலைக்கு இழுத்துவந்த உழவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதை விட்டுவிட்டு ஊரின் அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை, அப்பா.

இப்போதோ, வந்த தண்ணீரை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. மரியூத் ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் தாழ்வு. வயல்களின் வடிகால் அங்கே சேர்வதால், மெக்ஸ் பகுதியில் பம்பு வைத்துக் கடலுக்கு இறைக்கிறார்கள். மழை ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான், ஆனால் புயலோடு சேர்ந்து கொட்டும். மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் போவதால் சாலை குளமாகிவிடும். 2015 அக்டோபர் வெள்ளத்தில், அறுந்து விழுந்த டிராம் மின்கம்பியால் உயிர்களே போயின.

இந்தப் புயல்களுக்கு 'நவ்வா' என்று பெயர். மீனவர்கள் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் 'மக்னசா', அதாவது துடைப்பம். டிசம்பர் தொடக்கத்தில் 'காசிம்'. மார்ச் கடைசியில் 'அவ்வா', அதோடு புயல் தீர்ந்தது என்பார்கள்.

அதனால் ஏப்ரலில் கிளம்பி வாருங்கள். கெய்ரோவிலிருந்து ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கையாகப் போடச் சொல்கிறேன். வழிநெடுக வயலும் வாய்க்காலும்தான்.

அன்புடன்,
உங்கள் மகள்