தறி நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சொந்தங்களுக்கு வணக்கங்க.

இந்த வைகாசியோடு நாடகக் குழுவின் நிர்வாகத்தை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டேன். 26 வருடம் பார்த்த வேலை. மேடையேறி ஒரு வசனம் பேசியதில்லை. தேதி கொடுப்பது, அட்வான்ஸ் வாங்குவது, வேன் பேசுவது, மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் ஆள் சொல்வது, ஆடினவர்களுக்கு விடிவதற்குள் சம்பளம் எண்ணிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஓர் ஊருக்குத் தேதி சொல்லிவிட்டால் அன்றைக்குப் படுதா ஏறியாக வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள். அங்கே விசைத்தறிச் சத்தம் ராத்திரியும் ஓயாது. மாரியம்மன் நோம்பிக்கு முதல் தடவை போனபோது கோயிலைச் சுற்றி மூன்று பக்கமும் தறிக்குடோன். சாயங்காலம் மைக்கைச் சோதித்தால் ஆர்மோனியம் கேட்கிறது, வசனம் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் குழாய் அலறுகிறது. கைபிசைந்து நின்றேன். டீக்கடையில் இருந்த ஒருவர், “என்னங்க மேனேஜர், மொகம் வாடிக் கெடக்குது?” என்று கேட்டார். சொன்னேன். ஒன்பது மணிக்கு ஒரு குடோன் நின்றது. அப்புறம் எதிர்ச்சாரியில் இரண்டு. கடைசித் தறியும் நின்றபோது, கூட்டத்தின் கோடியில் ஒரு குழந்தை சிணுங்கியது மேடை வரைக்கும் கேட்டது. தறி ஓட்டுகிறவருக்கு நெய்த மீட்டருக்குத்தான் கூலி. ராத்திரி ஷிப்ட் நின்றால் அந்தக் கூலி போனதுதான். அப்படியிருந்தும் தலையில் பஞ்சோடு நேராக வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். இதைச் சொல்லித்தான் ராஜபார்ட்டை மேடைக்கு அனுப்பினேன். விடியும்போது அவருக்குக் குரலே இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் நான் வாய் திறந்து கேட்க வேண்டியே வரவில்லை.

ஒரு சமயம், பேசிய பணத்தில் பாதி வராமலே போய்விட்டது. மைக்செட் அண்ணன் நான்கு மாதம் பொறுத்தார். அடுத்த நாடகத்துக்கும் சொன்ன நேரத்துக்கு வண்டியோடு வந்து நின்றார். அண்ணா, அந்தக் கடன் தீர்ந்துவிட்டது, நன்றி தீரவில்லை.

பெண் பிள்ளைகளை என் பேச்சை நம்பி ராத்திரிப் பயணத்துக்கு அனுப்பிய அம்மாக்களுக்கும், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் பதினெட்டுப் பேருக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டு, “சாப்புடு கண்ணு, ஆடுன ஒடம்பு” என்ற ஆத்தாவுக்கும் என் வணக்கம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1954-ம் வருடத்து நாடகச் சட்டம் இருந்தவரைக்கும், பிரதியைத் தூக்கிக்கொண்டு அனுமதிக்காகக் காவல் நிலைய வாசலில் நிற்பதும் என் வேலையாகத்தான் இருந்தது. சென்னையில் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அவரை நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. 2018-ல் அவர் போய்விட்டார். எங்களைப் போன்ற ஊர்ப்புறக் குழுக்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

தேதி நோட்டைப் புது நிர்வாகியிடம் கொடுத்தாயிற்று. சோமனூர்த் தேதிக்கு நேராக என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “ஒன்பது மணிக்குத் தறி நிற்கும். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு படுதாவை ஏற்றவும்.”

நன்றியுடன்,
உங்கள் நாடக மேனேஜர்,
பல்லடம்