குழாயியைச் சோதித்துவிட்டுப் பிள்ளையைத் திருத்துவோம்

வன்னிப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடப் பொருட்களைக் கொள்வனவு செய்யும் கல்வி அதிகாரிகளுக்கும், அவற்றை அன்பளிப்பாக வாங்கித்தரும் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம்.

உயர்தர மாணவி ஒருத்தி நியமிப்பில் (ஒரு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவைக் காணும் சோதனையில்) பெற்ற விடை விலகிப்போனால், கவனமில்லை என்று கொப்பியில் எழுதிவிடுகிறோம். அவள் கையில் கொடுத்த குழாயி (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி வெளிவிடும் கண்ணாடிக் குழாய், பிப்பெற்) உண்மையிலேயே 25 மில்லிலீற்றரை வெளிவிடுகிறதா என்று யார் பார்த்தோம்? சந்தையில் மீன் நிறுக்கும் தராசைக்கூட ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். பாடசாலைக் கண்ணாடி அளவைகளுக்கு அப்படியோர் ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

சோதிப்பது கடினமல்ல. குழாயி வெளிவிடும் காய்ச்சி வடித்த நீரை, மூடியுள்ள சிறு குடுவையில் ஏந்தி நிறுக்க வேண்டும்; பலமுறை நிறுத்துச் சராசரி காண வேண்டும். துல்லியம் கூடிய ஏ வகுப்புக் குழாயியில் 25 மில்லிலீற்றருக்கு 0.03 மில்லிலீற்றர் வரையும், பி வகுப்பில் 0.06 வரையும் கூடலாம், குறையலாம். நுனியில் எஞ்சும் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அதை விட்டுவைத்தே குறி இடப்பட்டிருக்கிறது. 50 மில்லிலீற்றர் அளவியை (திருகுவாயும் அளவுக்கோடுகளும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய், பியூரெற்) ஒவ்வொரு 10 மில்லிலீற்றருக்கும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடியில் பொறித்திருப்பது 20 பாகை செல்சியஸ்; குறித்த கனவளவு அந்த வெப்பநிலைக்கே உரியது. நம் ஆய்வுகூடங்களோ நண்பகலில் 30ஐத் தாண்டும். 30 பாகையில் ஒரு மில்லிலீற்றர் நீரின் திணிவு ஏறத்தாழ 0.9957 கிராம்தான். காற்று பொருளை மேல்நோக்கித் தள்ளும் சிறு விசையான மேலுதைப்பையும் கணக்கில் எடுத்தால், பிழையே இல்லாத 25 மில்லிலீற்றர் குழாயி தராசில் சுமார் 24.87 கிராம் காட்டும். 25.00 வரவில்லையே என்று அதைக் கழித்து வைப்பவர் நல்ல கருவியைக் குப்பையில் போடுகிறார். ஆகவே வெப்பமானி இல்லாத சோதனை சோதனையே அல்ல. நீரும் கண்ணாடியும் தராசும் ஒரே அறையில் நெடுநேரம் இருந்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்று நம் கிணறுகளைப் பற்றியது. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் வன்நீர், அதாவது கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர். அதில் கழுவி அப்படியே காயவிட்ட அளவியின் உட்சுவரில் வெண்படிவு படிகிறது. பிறகு நீர் மெல்லிய படலமாக வழியாமல் துளித்துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது; அந்தத் துளிகள் வாசிப்பில் சேர்ந்துவிடுகின்றன, குடுவைக்குள் சேர்வதில்லை. ஐதான அமிலத்தால் கழுவி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரால் அலசினால் இது தீரும். அந்த நீருக்கு ஒதுக்கப்படும் பணத்தைத் தயவுசெய்து வீண்செலவு என்று வெட்டாதீர்கள்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை வவுனியாவிலும் மன்னாரிலும் குடிநீரின் வன்மையையும் புளோரைட்டையும் அளக்கப் போகிறவர்கள். சிறுநீரக நோயின் காரணம் இன்னும் ஐயமறத் தெளியாத பகுதி இது. இங்கே நீரின் அளவீடு குடும்பங்களின் கவலையோடு சேர்ந்தது.

நான் கேட்பது பெரிய செலவல்ல. பத்து மலிவான குழாயிகளுக்குப் பதிலாக, வகுப்பும் தொடர் இலக்கமும் பொறித்த நான்கை வாங்குங்கள். ஒவ்வொரு வலயத்துக்கும் 0.001 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றும், அதைச் சரிபார்க்கும் நியமப் படிக்கற்களும், நம்பகமான வெப்பமானியும் போதும். ஆண்டின் முதல் தவணையில் ஆசிரியர்கள் தம் பாடசாலைக் கருவிகளை அங்கே கொண்டுவந்து சோதிக்கட்டும். ஒவ்வொன்றிலும் அது உண்மையில் வெளிவிடும் கனவளவை ஒட்டிவிட்டால், 24.91 விடும் குழாயியையும் பிள்ளைகள் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், கணக்கில் 25.00க்குப் பதில் 24.91 என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். நுனி உடைந்தவையும் குறி அழிந்தவையும் மட்டும் நிரலிலிருந்து நீக்கப்படட்டும்.

முதல் வலயத்தின் சோதனைக்கு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கணிப்பு அட்டவணையையும் தமிழில் எழுதித் தருகிறேன்.

இவ்வண்ணம்,
இரசாயனவியல் ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்