‘பாரோ’வும் ‘லெண்ட்’டும்: மாணவர் பகுதிக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஆங்கிலச் சொற்பயிற்சியில், ‘பாரோ’ (கடன் வாங்கு), ‘லெண்ட்’ (கடன் கொடு) ஆகிய இரு வினைச்சொற்களுக்கும் எதிரே ‘கடன்’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லும், அதனருகே ‘பின்ஜாம்’ என்ற மலாய்ச் சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. பயிற்சியைத் தயாரித்தவரின் உழைப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும், நம் மலேசிய மாணவர்கள் அடிக்கடி இடம்மாற்றி எழுதும் இவ்விரு வினைகளுக்கும் ஒரே பொருளைத் தந்தால், அந்தக் குழப்பத்துக்குப் பத்திரிகையே ஒப்பமிட்டதாகிவிடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

குழப்பத்தின் வேர் மாணவரின் கவனக்குறைவில் இல்லை. மலாய் மொழியில் ‘பின்ஜாம்’ என்னும் அடிச்சொல் வாங்குவதற்கும் பொருந்தும், கொடுப்பதற்கும் பொருந்தும். இலக்கணமாக எழுதும்போது வாங்குபவர் செய்வது ‘மெமின்ஜாம்’ என்றும் கொடுப்பவர் செய்வது ‘மெமின்ஜாம்கான்’ என்றும் பிரிந்து நிற்கும். ஆனால் கடையிலும் திடலிலும் பேசும் மலாயில் இந்த ஒட்டுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. சீனத்தின் ‘ஜியே’ என்ற வினையும் இரு திசைக்கும் உரியதே. ஆகவே ஒரு மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ ‘கேன் யூ பாரோ மீ யுவர் ரூலர்?’ என்று கேட்டால், அது அவரவர் தாய்மொழியின் போக்கிலேயே வந்த வாக்கியம் என்று கொள்ளலாம். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் அப்படியே கேட்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

ஏனென்றால், ‘உன் அளவுகோலை எனக்கு இரவல் வாங்கு’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. நாம் ‘இரவல் கொடு’ என்போம், ‘இரவல் வாங்கிக்கொள்கிறேன்’ என்போம். கொடுத்த பொருளையே திருப்பித் தருவது இரவல், வட்டியின்றிச் சில நாளுக்குப் பெறும் சிறு தொகை கைமாற்று, கணக்கெழுதி வாங்குவது கடன் என்று பெயர்ச்சொல் கொடுக்கல் வாங்கலின் தன்மையைச் சொல்லிவிடுகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை ‘வாங்கு’, ‘கொடு’ என்னும் வினை சொல்கிறது. ஆங்கிலமோ இரவலையும் கைமாற்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. திசையை மட்டும் வினைக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறது. ‘கடன்’ என்ற பெயரை மட்டும் பொருளாகத் தரும்போது, ஆங்கிலத்துக்கு இன்றியமையாத திசை என்னும் பாதி மாணவரை எட்டாமலே போய்விடுகிறது.

நம் வேற்றுமை உருபுகளும் இங்கே கைகொடுக்கும். ‘தங்கைக்குக் கொடுத்தேன்’ என்பதிலுள்ள ‘கு’ உருபு ஆங்கிலத்தில் ‘டு’ ஆகிறது: ‘ஐ லெண்ட் மை பைசிக்கிள் டு மை சிஸ்டர்.’ ‘அண்ணனிடமிருந்து வாங்கினேன்’ என்பதிலுள்ள ‘இருந்து’ ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ ஆகிறது: ‘ஐ பாரோட் எ பைசிக்கிள் ஃப்ரம் மை பிரதர்.’ ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. பேச்சில் ‘அண்ணனிடம் கொடுத்தேன்’, ‘அண்ணனிடம் வாங்கினேன்’ என்று இரண்டுக்கும் ‘இடம்’ என்பதையே பயன்படுத்துகிறோம். பயிற்சித் தாளில் அந்த உருபை மட்டும் எழுதுவதைத் தவிர்த்து, ‘அண்ணனிடமிருந்து’, ‘அண்ணனுக்கு’ என்று முழுமையாக எழுதினால் ஐயத்துக்கு இடமிராது.

‘லெண்ட்’ என்னும் வினைக்குப் பின்னால் இரு பெயர்களை அடுத்தடுத்து வைக்கலாம். ‘லெண்ட் மீ யுவர் ரூலர்’ என்பது சரி. ‘பாரோ’வுக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவர் தம்மையே எழுவாயாக்கி, ‘மே ஐ பாரோ யுவர் ரூலர்?’ என்றுதான் கேட்க வேண்டும். இறந்த காலத்திலும் கவனம் வேண்டும். ‘லெண்ட்’ என்னும் சொல்லின் இறுதியில் நிகழ்காலத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தும், இறந்த காலத்தில் இருபதாம் எழுத்தும் வரும். தமிழ் எழுத்தில் இவ்விரு வடிவங்களும் ஒன்றுபோலவே தோன்றுவதால், நம் மாணவர்கள் வேறுபாட்டைக் கேட்டு உணர்வதும் அரிது. கையால் எழுதிப் பழகினால்தான் பதியும். ‘லெண்டட்’ என்றொரு வடிவம் இல்லவே இல்லை. ‘லோன்’ என்பதை வினையாக வழங்குவது அமெரிக்கரிடையே மிகுதி. பிரிட்டிஷ் வழக்கைத் தழுவிய நம் பள்ளிகளில் அதனைப் பெயராக மட்டும் கொள்வது நல்லது. இன்னொன்று: பக்கத்து வீட்டுக் கழிப்பறையை ஆங்கிலத்தில் ‘பாரோ’ செய்ய முடியாது, ஏனெனில் எடுத்துச் சென்று திருப்பித் தரக்கூடிய பொருளுக்கே அந்த வினை பொருந்தும். அங்கே ‘யூஸ்’ என்றால் போதும்.

இது பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணோடு முடிகிற செய்தியும் அன்று. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தோட்டத்து லயங்களைவிட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும், சில்லறைக் கடைகளில் ‘555’ சிறு புத்தகத்தில் கணக்கெழுதி வாங்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் மறந்துவிடவில்லை. இளையவர்களோ நேரே ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம், உரிமம் பெற்றவர் ஈடு பெற்றுத் தரும் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடும் வட்டியின் உச்சவரம்பு என்கிறது. அத்தகைய தாளில் ஆங்கிலத்தில் கொடுப்பவர் ‘லெண்டர்’, வாங்குபவர் ‘பாரோவர்’. மலாயில் ‘பெம்பெரி பின்ஜாம்’, ‘பெமின்ஜாம்’. எந்தப் பொறுப்பு யாருடையது என்பதை அறியாமல் அவ்வாறான பத்திகளை வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், அங்கே பெரும்பாலும் மலாய் வழியாகவே ஆங்கிலத்தை அணுகுகிறார்கள். ஆசிரியர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய இடம் தங்கள் மாணவர் பகுதி. ஆகவே, அடுத்து வரும் பயிற்சிகளில் ‘பாரோ’வுக்கு ‘இரவல் அல்லது கடன் வாங்கு’ என்றும், ‘லெண்ட்’டுக்கு ‘இரவல் அல்லது கடன் கொடு’ என்றும் வினையோடு சேர்த்தே பொருள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மலாய்ப் பொருளும் வேண்டுமெனில் வெறும் அடிச்சொல்லை விடுத்து, ஒட்டுகளோடு கூடிய முழு வடிவங்களை அச்சிடலாம். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களில் வினையை மட்டுமன்றி ‘டு’, ‘ஃப்ரம்’ ஆகியவற்றையும் விட்டுக் கேட்டால், மாணவர் ஊகித்து எழுதினாரா, புரிந்து எழுதினாரா என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.