அஜெண்டாவை நூலகத்திலும் வையுங்கள்: நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர் அவர்களுக்கும், எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊர்க் கிளை நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு, மாதாமாதம் நடக்கும் உங்கள் சாதாரணக் கூட்டத்துக்கு முடிந்தவரை வந்துவிடுகிறேன். பின்வரிசையில், பத்திரிகைக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காருவேன். "என்னம்மா, ஏதாவது மனு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று உங்களில் சிலர் அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்க வந்தேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு மனு இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

போன கூட்டத்தின் அஜெண்டாவில், அதாவது அன்று முடிவெடுக்க வேண்டியவற்றின் பட்டியலில், அறுபதுக்கு மேல் பொருள்கள் இருந்தன. அலுவலர் முதல் இரண்டு பொருள்களின் தலைப்பை வாசித்தார். மூன்றாவதைத் தொடங்கும்போதே "ஆல் பாஸ்", எல்லாம் நிறைவேறியது, என்று ஒரு குரல் வந்தது. மேசையைத் தட்டினீர்கள். அறுபதும் நிறைவேறியதாகப் பதிவானது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து உங்கள் வார்டில் விளக்கு எரியாதது, சாக்கடை அடைத்தது, நாய்த் தொல்லை என்று பேசினீர்கள். அதெல்லாம் பேச வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை எதுவும் அன்றைய பொருள்களில் இல்லை. பொருள்களில் இருந்தவற்றைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அந்தப் பொருள்கள் என்ன என்று இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கும் தெரியட்டும். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்துக்கு ஏலத்தில் வந்த உயர்ந்த கேள்வித் தொகையை ஏற்பது. தினசரி மார்க்கெட்டில் சுங்கம் வசூலிக்கும் குத்தகை. ஆடு அடிக்கும் தொட்டியின் குத்தகை. கொசு ஒழிப்பு மஸ்தூர்களை (பணியாளர்களை)த் தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்வது. பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் குளோரின். குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்துக்கு ஆள். குப்பை வண்டிக்கு டயர், பேட்டரி. நீரேற்று நிலைய மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எந்தத் தெருச் சாலையை மாநில நிதிக்குழு மானியத்தில் போடுவது, எதைப் பொது நிதியில் போடுவது. ஒவ்வொன்றுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு என்று நாலு வரி, தொகை, கடைசியில் "மன்றம் அங்கீகரிக்கலாம்."

சில்லறைச் சமாசாரம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியார் ஈரோட்டிலும் ராஜாஜி சேலத்திலும் நகராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் முன்னால் வந்ததும் இதே தண்ணீரும் தெருவும் குப்பையும்தான். மார்க்கெட்டில் ஒரு தலைச்சுமைக்கு எவ்வளவு சுங்கம் வாங்கலாம் என்று முடிவு செய்வது உங்கள் மன்றம். அந்தத் தொகை, அங்கே தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் அம்மாவுக்குத் தெரியாது. சீட்டுக் கிழிப்பவர் கேட்டதைக் கொடுக்கிறார். ஒரு நாள் நான் அந்த அம்மாவிடம், "இவ்வளவுதான் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். "எழுதியிருந்தா நீ வந்து படிச்சுச் சொல்லு தாயி" என்றார். மார்க்கெட் முழுக்கச் சுற்றிவந்தேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பல வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் பேவர் பிளாக் போட்டார்கள். மண் தெருவிலேயே வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசலைக் கழுவிவிட்டுப் பெண்கள் தெருவின் நடுவரைக்கும் கோலம் போட்டார்கள். நாலாவது மாதம் குடிநீர்ப் பகிர்மானக் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள். கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கினார்கள், குழாயைப் பதித்தார்கள், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அடுக்கிய கற்களில் பாதிதான் மறுபடி தெருவுக்கு வந்தது. ஐப்பசி மழையில் மண் இறங்கிப் பள்ளமானது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பால் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வரும்போது அதில் விழுந்து வலது கை ஒடிந்தது. எழுபது வயதுக்கு மேல் எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை. இன்றும் அவரால் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

எப்படி இது நடந்தது என்று தெரிந்துகொள்ள, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். 30 நாளுக்குள் நகல்கள் வந்தன, அதற்கு அலுவலகத்துக்கு நன்றி. ஓராண்டுத் தீர்மானங்களை மாத வரிசைப்படி அடுக்கி, நூலகப் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்துப் படித்தேன். குழாய் பதிக்கும் வேலைக்கான தீர்மானம்தான் முதலில் வந்திருக்கிறது. அதற்கு இரண்டு கூட்டம் தள்ளிப் பேவர் பிளாக் தீர்மானம். இரண்டிலும் எங்கள் தெருவின் பெயர் இருக்கிறது. நிதி வேறு, மதிப்பீடு வேறு, ஒப்பந்ததாரர் வேறு. இரண்டும் ஆல் பாஸ்.

நான் இதில் யாரையும் திருடன் என்று சொல்ல வரவில்லை. இரண்டுமே தேவையான வேலைகள். பேவர் பிளாக் தீர்மானத்தை அன்று ஒருவர் சத்தமாக வாசித்திருந்தால், "இருங்க, அந்தத் தெருவுக்குத்தான் குழாய் வரப்போகுதே, முதல்ல குழாயைப் போடுவோம்" என்று உங்களில் ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார். நீங்கள் சொல்லாவிட்டாலும், தாள் எங்கள் கண்ணில் பட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம். எங்கள் தெருவில் எது எப்போது தோண்டப்படும் என்பதில் எங்களைவிட அக்கறையுள்ளவர் யார்?

இன்னொன்று பின்னேற்பு. மோட்டார் எரிந்தால் கூட்டம் கூடும்வரை ஊர் காத்திருக்க முடியாது. தலைவரின் முன் அனுமதியில் வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தில் பின்னேற்புக்கு வைப்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் நான் எழுதிவைத்த சீட்டுகளில், ஒரே நீரேற்று நிலையத்தின் ஒரே மோட்டார் அந்த ஓராண்டில் நாலு தடவை வந்தது. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். அந்தத் தொகைகளை மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அடிக்கடி காயில் போகுதுன்னா, அங்க கரண்ட் சரியா வருதான்னு முதல்ல பாக்கணும்மா. வோல்டேஜ் கம்மியா இருந்தா புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் எரியும்" என்றார். இது மன்றத்தில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. பட்டறையில் எழுந்தது. அந்த நாலு தடவையும் நாங்கள் குடத்தோடு காத்திருந்தோம். நாலு நாளுக்கு ஒரு முறை வரும் தண்ணீர் ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று தள்ளிப்போனது.

மன்றமே இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை, ஐந்து ஆண்டுக்கும் மேல், தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரே மன்றம், அவர் கையெழுத்தே தீர்மானம். குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றோம். அதனால்தான் 2022 பிப்ரவரி 19 அன்று நான் காலையிலேயே போய் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். மார்ச் 2 அன்று நீங்கள் உறுதிமொழி எடுத்ததைப் பார்க்க வந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த மண்டபத்தில் மறுபடி நாற்காலிகள் நிறைந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதே நாற்காலிகளில் உட்கார்ந்து, வாசிக்காமலே மேசையைத் தட்டும்போது மனசு கேட்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 விழுக்காடு. முணுமுணுத்தோம், ஆனாலும் கட்டினோம். இப்போதும் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிறோம். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்ற தாள்தான் எங்கள் கண்ணில் படுவதில்லை.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். அஜெண்டாவும் அதோடு வரும் அலுவலகக் குறிப்பும் உங்கள் கைக்கு வரும் அன்றே, ஒரு நகலைக் கிளை நூலகத்துக்கு அனுப்புங்கள். கூட்டம் முடிந்து தீர்மானங்கள் எழுதப்பட்டதும் அதற்கும் ஒரு நகல். நகராட்சியின் இணையதளத்திலும் போடுங்கள், நல்லதுதான். ஆனால் பத்திரிகை படிக்கக் காலையில் நூலகத்துக்கு வரும் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் கையில் எடுத்துப் புரட்டக்கூடிய தாளாகவும் அது இருக்க வேண்டும். இதற்குப் புதுச் செலவு என்றால் ஜெராக்ஸ் செலவு மட்டும்தான்.

நூலகத்தைச் சொல்வது நான் அங்கே இருந்தவள் என்பதால் மட்டும் இல்லை. எங்கள் வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நீங்கள்தான் அதை வசூலிக்கிறீர்கள். அந்தக் காசில் வந்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும்தான் நான் இத்தனை வருடம் இந்த ஊருக்கு எடுத்துக்கொடுத்தேன். அந்த வரியைக் கட்டுகிறவர்களின் ஊர்க் கணக்கும் அதே மேசையில் இருப்பது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அஜெண்டா வெளியே போனால் வீண் சண்டை வரும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்பந்தப்புள்ளிகள் (டெண்டர்கள்) வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 1998இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பொது அமைப்புகள் யாரும் கேட்காமலேயே மக்களுக்கு எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு நீளமாகவே சொல்கிறது. நான் பத்து ரூபாய் கொடுத்து ஒரு மாதம் கழித்து வாங்கிய அதே தாளை, கூட்டத்துக்கு முன்னால் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். முன்னால் கிடைத்தால் அது யோசனை சொல்ல உதவும். ஒரு வருடம் கழித்துக் கிடைத்தால் குறை சொல்லத்தான் உதவும். வீண் சண்டை அப்போதுதான் வருகிறது.

இரண்டாவது, வாசிப்பது. அறுபதையும் முழுசாக வாசிக்க நேரம் ஆகும் என்பது சரிதான். தெருவைத் தோண்டுவது, தெரு போடுவது, தண்ணீர், குத்தகை, பின்னேற்பு இவற்றையாவது ஒவ்வொன்றாக வாசித்து, "யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டு, ஒரு நிமிடம் பொறுத்து நிறைவேற்றுங்கள். அலுவலர்கள் இருக்கும்போதே கேட்டால் அங்கேயே பதில் கிடைத்துவிடும். பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த நாள் வந்தது, எந்த நாள் வரவில்லை என்பது உங்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். உங்களோடு வரும் கணவரோ மகனோ அந்த மேசையில் பேச முடியாது, பேசவும் கூடாது. ஓட்டு உங்கள் பெயருக்கு விழுந்தது. கையில் அஜெண்டாவை வைத்துக்கொண்டு, "இந்தப் பொருள்ல எனக்கு ஒரு சந்தேகம் இருக்குங்க தலைவரே" என்று எழுந்து நில்லுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். பின்வரிசையில் நான் இருப்பேன்.

வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தபோது, எங்கள் பகுதியில் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். மழைநீர் எந்த முனையில் தேங்கும் என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார் ஒரு கொத்தனார். எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நான் படித்த தீர்மானங்களில் அந்த முனையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பகுதி சபையில் எழுதியது மன்றத்தின் அஜெண்டாவில் ஒரு பொருளாக வர வேண்டும். வேலை ஆகாது என்றால் ஏன் ஆகாது என்றாவது பதிவாகட்டும்.

உங்கள் பதவிக்காலத்தில் மிச்சமிருக்கும் சாதாரணக் கூட்டங்களை எண்ணிவிடலாம். அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்க முடியும். நூலகத்தில் இப்போது இருப்பவரிடம் பேசிவிட்டேன். பத்திரிகை மேசைக்கு மேலே சுவரில் ஒரு கம்பி கட்டி, இரண்டு கிளிப் மாட்டி வைத்திருக்கிறார். ஒன்று அஜெண்டாவுக்கு, ஒன்று தீர்மானங்களுக்கு. யாரிடம் கொடுத்தனுப்பினாலும் வாங்கிக்கொள்வார். நூலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிளை நூலகர் ஒருவர்
பழைய சந்தைப்பேட்டைத் தெரு