திருச்சபைக் குடும்ப ஐக்கியம்: 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, செயற்குழுவினரே, ஐக்கியத்தின் அன்பான குடும்பங்களே, அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்களும் வீட்டு ஜெபங்களும் தடையின்றி நடந்தன. வருகைப் பதிவேடு மேசையில் இருக்கிறது; வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. ஆண்டு முழுவதும் நம்மை அதிகம் பேசவைத்தது ஒரே விஷயம்தான்: வீட்டில் கிறிஸ்மஸை எளிமையாகவும் விசுவாசத்தை நடுவில் வைத்தும் கொண்டாடுவது எப்படி? அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது. பொறுத்தருளவும்.

பேச்சைத் தொடங்கிவைத்தவர் நம் சகோதரி ஒருவர். சென்ற பொதுக்குழுவில் எழுந்து, "ஆராதனையில உட்கார்ந்திருந்தப்போ மனசு முழுக்க வீட்டு வேலையிலதான் இருந்தது. பண்டிகை முடிஞ்சதும் களைப்பும் கடனும்தான் மிச்சம்" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பரிசை நிறுத்துவோம், அலங்காரத்தைக் குறைப்போம், விருந்தை விட்டுவிடுவோம் என்று பட்டியல் நீண்டது. போதகர் ஐயாதான் நடுவே நிறுத்தி, எதைக் கொண்டாடுகிறோம் என்பதை முதலில் படித்துவிட்டு அப்புறம் வெட்டலாமே என்றார். அதனால் ஆண்டின் முதல் பாதி படிப்பிலேயே போனது.

2025, திருச்சபைப் பேராயர்களின் நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்த வருடம். கி.பி. 325இல் அங்கே கூடிய பேராயர்கள், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் கருத்தை மறுத்து, அவர் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கை செய்தார்கள். அந்த அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாகப் படித்தோம். நமக்காகவும் நம் இரட்சிப்புக்காகவும் இறங்கி வந்து மனிதனானார் என்ற இடத்தில் இரண்டு கூட்டங்கள் நின்றுவிட்டோம். முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடக்கும் பிள்ளை யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் எளிய கிறிஸ்மஸ் என்பது வெறும் சிக்கனத் திட்டமாகிவிடும் என்று அப்போது ஒருவர் சொன்னார். அதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டத்தில் மூத்த சகோதரர் ஒருவர், கிறிஸ்மஸைக் கொண்டாடவே வேண்டுமா, வேதத்தில் அப்படிக் கட்டளை இருக்கிறதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுவிசேஷங்களில் பிறந்த தேதி இல்லை. டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய உறுதியான குறிப்பு ரோமிலிருந்து வருகிறது. 336ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பதிவு 354இல் தொகுக்கப்பட்ட நாட்காட்டியில் காணப்படுகிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் பிறப்பை ஆசரிக்கிறது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்து, 1681இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். தடை போட்டவர்களும் பக்திமான்கள்தான். கடைசியில் ரோமர் 14ஆம் அதிகாரத்தில் வந்து நின்றோம்: நாட்களைக் குறித்து அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயம் உடையவனாயிருக்கட்டும். கேள்வி கேட்ட சகோதரர் இந்த ஆண்டும் தம் வீட்டில் தனியாக எதையும் கொண்டாடவில்லை. ஆனால் ஆராதனைக்கு வந்தார், எல்லாரோடும் உட்கார்ந்து பாடினார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. அவரும் யாரையும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்தோம். அதில் ஒரே கேள்வி: எது இல்லாவிட்டால் நம் வீட்டில் அது கிறிஸ்மஸாகவே இருக்காது? சிறுபிள்ளைகள் உட்பட எல்லாரும் தனித்தனியே எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது. பிறகு வீட்டோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். தாள்களை நாங்கள் திரும்பக் கேட்கவில்லை. கூட்டத்தில் அவர்களாகவே பகிர்ந்துகொண்டது வேடிக்கையாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிப்பது, உறவுப் பிள்ளைகளோடு விடிய விடியப் பேசுவது, தாத்தா ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வது என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அம்மாமார் நாள் கணக்கில் உழைத்துச் செய்தவற்றில் பெரும்பாலானவை யாருடைய தாளிலும் இல்லை. ஒரு வீட்டில் இதைக் கேட்ட அம்மா சிரித்தாராம். இன்னொரு வீட்டில் கொஞ்ச நேரம் மௌனமாம். எனக்கு அந்த மௌனம் புரிகிறது.

இந்தத் தாளை வைத்துத் தொடங்கிய வீடுகள்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தன என்பது செயற்குழுவின் கணிப்பு. எதையெதை நிறுத்துவது என்பதிலேயே தொடங்கிய வீடுகளில் டிசம்பர் பாதியிலேயே முணுமுணுப்பு வந்துவிட்டது. ஒரு தகப்பனார் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், இந்த வருடம் யாருக்கும் பரிசு கிடையாது என்று அறிவித்தார். பிள்ளைகளுக்கு அது பக்தியாகத் தெரியவில்லை, தண்டனையாகத்தான் தெரிந்தது. பிறகு அவரே இறங்கி வந்தார். ஒருவர் பெயரை ஒருவர் சீட்டெடுத்து, ஆளுக்கு ஒரே பரிசு, முடிந்தால் கையால் செய்தது என்று ஏற்பாடாயிற்று.

பரிசு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகச் சிக்கல் அங்கேதான் வந்தது. நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தின் பேராயராக இருந்த நிக்கொலா, வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு போட்டார் என்பது பழைய மரபுக் கதை. கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூலம் அவர்தான். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, தேவையிலிருக்கும் ஒருவருக்கு வீடே சேர்ந்து, பெயர் சொல்லாமல் உதவுவது என்று சில குடும்பங்கள் முடிவெடுத்தன. யாருக்கு, எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதானே ஏற்பாடு. தாத்தா பாட்டிகளைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதே என்று அவர்களிடம் டிசம்பரில் போய்ச் சொன்னால் மனம் நோகும். முன்கூட்டியே சொல்லி, பரிசுக்குப் பதிலாகத் தங்கள் சிறுவயதுக் கிறிஸ்மஸைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்ட வீட்டில் காரியம் சுமுகமாக முடிந்தது. அந்தக் கடிதத்தோடு ஒரு பரிசும் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் ஆகமன காலம் நவம்பர் 30 அன்று தொடங்கியது. நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு மெழுகுவத்திகள் ஏற்றும் வழக்கத்தைப் பல வீடுகள் எடுத்துக்கொண்டன. 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்தார். ஞாயிறுக்குப் பெரியது, மற்ற நாட்களுக்குச் சிறியது. இன்று காணும் ஆகமன வளையம் அதிலிருந்து வந்தது. காத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் 1 முதல் நாளுக்கொன்றாக வாசிக்கும் திட்டமும் இருந்தது. முதல் நாளே சோதனை: முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். அதில் வரும் ஆசாரியன் சகரியா ஊமையாவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டதாகக் கேள்வி. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகாரத்துக்கு ஒரு பகுதியை மட்டும் வாசித்தன. அதுவே போதும் என்று நினைக்கிறேன். 24ஆம் தேதி இரவு உயிர்த்தெழுதலை வாசித்தபோது, "நாளைக்குத்தானே பிறக்கப்போறார், அதுக்குள்ள உயிர்த்தெழுந்துட்டாரா?" என்று ஒரு குழந்தை கேட்டதாம். அந்த வீட்டில் அன்று ராத்திரி நடந்த பேச்சு எந்தப் பிரசங்கத்துக்கும் குறைந்ததல்ல என்று பெற்றோர் சொன்னார்கள்.

குடில் பற்றி ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஒரு வகுப்பு எடுத்தார்கள். 1223இல் அசிசியின் பிரான்சிஸ், கிரெச்சியோ என்ற ஊரில் ஒரு முன்னணையும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பிறப்பின் காட்சியை அமைத்தார். மாடும் கழுதையும் லூக்காவில் கிடையாது. ஏசாயா முதலாம் அதிகாரத்தில், தன் எஜமானை அறியும் மாட்டையும் முன்னணையை அறியும் கழுதையையும் பற்றிய வசனத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டவை. நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். இதையெல்லாம் கேட்ட பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குடிலில் முன்னணையை 24ஆம் தேதி இரவு வரை காலியாக வைத்தார்கள். சாஸ்திரிகளை வீட்டின் அடுத்த கோடியில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்று கொண்டுசேர்த்தார்கள். செலவில்லாத ஏற்பாடு; ஆனால் நடுவழியில் ஒருவரை யாரோ மிதித்துவிட்டார்கள்.

ஒரு கூட்டத்தில் வருத்தமான பேச்சும் நடந்தது. மரியாளும் யோசேப்பும் ஆலயத்தில் செலுத்தியது ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது என்று லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12இல் விதிக்கப்பட்ட காணிக்கை அது. இதைப் படித்ததும் ஒரு சகோதரர் எழுந்தார். "எங்க வீட்ல வருஷம் முழுக்க எளிமைதான். இந்த ஒரு நாளாவது பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் நல்லா செய்யணும்னு நினைக்கிறோம். அது தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை. வசதியுள்ளவர் எளிமையைத் தெரிந்தெடுக்கலாம், இல்லாதவருக்கு அது தெரிவே அல்ல. எந்த வீடு எப்படிக் கொண்டாடியது என்று ஐக்கியத்தில் யாரும் அளக்கக் கூடாது என அன்றே தீர்மானம் எழுதினோம்.

அந்தத் தீர்மானத்துக்கு முதல் சோதனை நம் கைப்பேசிக் குழுவிலேயே வந்தது. எளிய கிறிஸ்மஸின் படங்களை ஒருவர் போட, அதைவிட எளிமையான படத்தை இன்னொருவர் போட, ஒரு மெழுகுவத்தியும் திறந்த வேதாகமமும் எந்தக் கோணத்தில் அழகாகத் தெரியும் என்பதில் போட்டி ஆரம்பமாகிவிட்டது. தலைவர் தலையிட்டு, ஜனவரி 6 வரை படம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டொருவர் தவிர எல்லாரும் கேட்டார்கள்.

வேலைப் பங்கீடு பற்றிச் சுருக்கமாக: 24ஆம் தேதி சாயங்காலத்தோடு வேலையை நிறுத்துவது, முடியாதது முடியாததாகவே இருக்கட்டும் என்று விடுவது என்ற ஏற்பாட்டைப் பல வீடுகள் பாராட்டின. ஆண்களும் பிள்ளைகளும் கைகொடுத்த வீடுகளில் மட்டும் அது நடந்தது. மற்ற வீடுகளில் எளிமையையும் சேர்த்து ஒருவரே சுமந்தார். இதைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

விருந்து கொடுக்கும்போது திரும்ப அழைக்க முடியாதவர்களை அழையுங்கள் என்று லூக்கா 14இல் ஆண்டவர் சொன்னதை ஒட்டி, தனியாக இருப்பவர்களைக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்கு அழைத்தன. வந்தவர்களில் ஒருவர், விருந்தாளியாக உட்காரவைத்துவிடாதீர்கள், எனக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்றார். அடுத்த முறை அழைப்பவர்கள் இதை நினைவில் வைக்கவும். இந்த ஆண்டு அன்பானவர்களை இழந்த குடும்பங்களுக்காக, கிறிஸ்மஸுக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை ஜெபம் வைத்தோம். பாட்டு குறைவு, பிரசங்கம் இல்லை. யோவான் முதலாம் அதிகாரத்தில், இருளிலே பிரகாசிக்கும் ஒளியைப் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பண்டிகை நாளில் அழுவதற்கு ஓர் இடம் கிடைத்தது என்றார் ஒருவர்.

கிறிஸ்மஸ் 25ஆம் தேதியோடு முடிவதில்லை என்பதும் பலருக்குப் புதிதாக இருந்தது. பிறப்பு முதல், சாஸ்திரிகள் வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரையிலான நாட்களை, 567ஆம் ஆண்டில் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கமே பண்டிகைக் காலமாகக் குறிப்பிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கத் தேவையில்லை என்று தெரிந்ததும், உறவினர் சந்திப்புகளைப் பலர் பிந்திய நாட்களுக்குத் தள்ளிவைத்தார்கள். 28ஆம் தேதி, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைவுகூரும் நாளில், மத்தேயு 2ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லியிருந்தோம். சில பெற்றோர் தயங்கினார்கள், சிலர் எகிப்துக்கு ஓடிப்போன பகுதியை மட்டும் வாசித்தார்கள். பிள்ளைகளின் வயதைப் பார்த்து அவரவர் முடிவெடுத்தது சரிதான்.

வரும் ஆண்டுக்கான யோசனைகளைச் செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கிறது. 2026இல் ஆகமன காலம் நவம்பர் 29 அன்று தொடங்குகிறது. எனவே குடும்பத் தாளைச் செப்டம்பரிலேயே கொடுக்கலாம். லூக்கா வாசிப்புக்குச் சிறு பிள்ளைகளுக்கான தனிப் பட்டியல் ஒன்றை ஞாயிறு பள்ளி தயாரிக்கும். வீட்டு வேலைப் பங்கீடு பற்றி ஒரு முழுக் கூட்டம் ஒதுக்க வேண்டும், அதற்குக் கணவர்கள் கட்டாயம் வர வேண்டும். மாலை ஜெபம் தொடர வேண்டும்.

ஆண்டு முழுவதும் வழிநடத்திய போதகர் ஐயாவுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், வீட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கும், கேள்வி கேட்டு எங்களைப் படிக்கவைத்த மூத்த சகோதரருக்கும் ஐக்கியத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்