12 அடி போதாது, தம்பி

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பா எழுதுவது. படகு வாங்க "அலுமினியம் நல்லதா பைபர் நல்லதா" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லும் விஷயமா இது? அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இங்கே ஊத்தான் மெலிந்தாங்கில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். போன வாரம் அவள் கிள்ளானுக்குப் போன் பண்ணினாள். அங்கேயும் எல்லோரும் நலமாம், பேரன் நன்றாகச் சாப்பிடுகிறானாம். அதற்கு மேல் அவர்களும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. சரி, படகுக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று 12 அடி அலுமினியம், தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்தது. மற்றது 16 அடி பழைய பைபர், கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. உன் மனசு 12 அடிப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது. விலை குறைவு, கனம் குறைவு, ஒரே ஆளாகத் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்கிறாய். அந்த "ஒரே ஆள்"தான் எனக்குச் சரியாகப் படவில்லை. 12 அடியில் இன்ஜின், எண்ணெய்த் தோம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் வைத்த பிறகு ஒருவர் தாராளமாக உட்காரலாம், இருவர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அதில் இடம் கிடையாது. படகு வாங்குகிறவன் முதலில் யார் யார் ஏறப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீ எண்ணிப் பார்த்தாயா?

இன்னொன்று, அது ஆற்றுக்கும் ஏரிக்கும் செய்த படகு. தெமெங்கோர் ஏரியிலோ கென்யிர் ஏரியிலோ ஓட்டினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ இருக்கும் மெர்சிங்கில் ஆற்று வாயைத் தாண்டினால் திறந்த கடல். 12 அடி அலுமினியத்துக்கு விளிம்பு உயரம் குறைவு, கனமும் இல்லை. காற்று பக்கவாட்டில் அடித்தால் இழுத்துக்கொண்டு போகும். தட்டையான அடியில் அலை மோதும் ஒவ்வொரு முறையும் ரிவெட் கொஞ்சம் கொஞ்சமாக ஆடும். ஆடிய ரிவெட் வழியாக முதலில் ஈரம் கசியும், பிறகு தண்ணீர் வரும். அலுமினியம்தான் வேண்டும் என்றால் முழுக்க வெல்டிங் பண்ணியதாகப் பார். அடித்தகடு 4 மில்லி, பக்கம் 3 மில்லி இருக்க வேண்டும். என்ன தகடு என்று கேள். 5083, 5086, 5052 இந்த மூன்றில் ஒன்று என்றால் சரி, மக்னீசியம் கலந்த கடல் தகடு. 6061 சட்டத்துக்கும் குழாய்க்கும் ஆகும், ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் பலம் குறைந்துவிடும். எது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

அடுத்து நீ யோசிக்க வேண்டியது, படகு இரவில் எங்கே இருக்கும் என்பது. அலுமினியமா பைபரா என்ற உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவி வைப்பாய் என்றால் அலுமினியம் நல்லது. கனம் குறைவு, சின்ன இன்ஜினே இழுக்கும், எண்ணெய் மிச்சம், கல்லில் இடித்தால் நசுங்குமே தவிரச் சட்டென்று உடையாது. வெயிலுக்கும் ஒன்றும் ஆகாது. தண்ணீர்க் கோட்டுக்கு மேலே சாயமே தேவையில்லை. ஆனால் நீ ஆற்று ஜெட்டியில் கட்டி வைக்கப் போவதாகத்தானே சொன்னாய்? அப்படியென்றால் பைபர்தான். உப்பும் நல்ல தண்ணீரும் மாறி மாறி வரும் ஆற்றில் தெரித்திப், அதுதான் படகடியில் ஒட்டும் சிப்பிப் பூச்சி, ஒட்டாமல் இருக்க அடியில் ஆன்டிபவுலிங் சாயம் கட்டாயம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சாயங்களில் பெரும்பாலும் செம்பு இருக்கும். பைபரில் தாராளமாகப் பூசலாம். அலுமினியத்தில் பூசினால், கீழே இருக்கும் எபாக்சிப் பிசின் பூச்சு எங்காவது ஒரு கீறல் விட்ட இடத்தில் செம்பு தகட்டைத் தின்னத் தொடங்கும். அலுமினியத்துக்குச் செம்பு இல்லாத சாயம் தேடித்தான் வாங்க வேண்டும், அதற்குக் கீழே எபாக்சி பிரைமர் பல கோட். தகட்டைத் தேய்த்து முடித்த சில மணி நேரத்துக்குள் முதல் கோட் விழ வேண்டும். தாமதித்தால் தகட்டின் மேல் ஆக்சைடு படிந்து, பின்னால் சாயம் தோலாக உரியும்.

நான் சொன்ன பிறகும் நீ அலுமினியமே வாங்குவாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அதனால் அதைக் காப்பாற்றும் வழியையும் எழுதிவிடுகிறேன். தூண்டில் கம்பு செருகும் பிடியைச் சுற்றிப் பார். ஸ்டெயின்லஸ் ஸ்குரூ தலையைச் சுற்றிச் சாயம் கொப்புளித்திருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளையாக மாவு உதிரும், துடைத்தால் அடியில் ஊசி நுழையும் அளவுக்குக் குழி. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிக்கும் உலோகம்தான் கரையும், இங்கே கரைவது அலுமினியம். ஸ்குரூ போடும் ஒவ்வொரு இடத்திலும் நைலான் வாஷர் வை, உலோகம் தொடாமல் தடுக்கும் துராலாக் மாதிரிப் பசை தடவி முடுக்கு. ஈயக்குண்டு, தூண்டில் முள், சில்லறைக் காசு எதுவும் அடியில் விழுந்து கிடக்கக் கூடாது. தேங்கிய உப்புத் தண்ணீரில் ஒரு காசு கிடந்தாலே அதன் வட்டத்துக்குத் தகடு அரித்துப்போகும். கம்பளம் விரிக்காதே, அது உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரையானுக்கு மருந்து ஏற்றிய பலகையும் தரையில் போடாதே, அந்த மருந்திலும் செம்பு உண்டு. இரும்பு அறுத்த டிஸ்க்கை அலுமினியத்தில் வைக்காதே, இரும்பு பிரஷ்ஷும் ஆகாது, ஸ்டெயின்லஸ் பிரஷ் தனியாக வைத்துக்கொள். உன் கைவேலை சுத்தமான கைவேலை, எங்கள் பட்டறையில் எல்லோரும் சொன்னதுதான். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கரண்ட் விஷயத்தில் கவனம். படகின் உடம்பையே எர்த் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. விளக்கோ பம்போ, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, கறுப்பு இரண்டு கம்பியும் பாட்டரி வரை போக வேண்டும். கரை ஏறியதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடு. சிங்க் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுதான் அனோடு, படகுத் தகட்டுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக அடியில் மாட்டுவது. முழுக் கடல் தண்ணீரில் சிங்க் வேலை செய்யும். உன் ஆற்று வாயில் மாதிரிக் கலப்புத் தண்ணீரில் அதன் மேல் ஒரு படலம் மூடிச் செத்துப்போகும், அங்கே அலுமினிய அனோடுதான் போட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்று. அதன் மேல் சாயம் பூசிவிடாதே. பூசினால் போடாததற்குச் சமம்.

இப்போது அந்த 16 அடி பைபர். இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்து எதையும் நம்ப முடியாது, பளபளப்பாகத் தெரிவது புதுச் சாயமாக இருக்கலாம். இன்ஜின் தொங்கும் பின்பலகையில்தான் உயிர் இருக்கிறது. வெளியே பைபர், உள்ளே பிளைவுட். ஸ்குரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மக்கிப்போகும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். திடீரென்று சத்தம் மந்தமாகி, ஈர மூட்டையைத் தட்டுவது போலக் கேட்டால் அந்த இடத்தை சாக்பீசால் வட்டம் போடு. பிறகு இன்ஜினை அரைவாசி தூக்கி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. பின்பலகை வளைந்தால் விட்டுவிடு. வளையவில்லை, ஆனாலும் சந்தேகம் என்றால், விற்பவரிடம் கேட்டு உள்பக்கமாக 3 மில்லி ஓட்டை ஒன்று போட்டுப் பார். வரும் தூள் வெளிறிக் காய்ந்திருந்தால் நல்லது. கறுப்பாக ஈரமாக வந்தால் உள்தோலை வெட்டி, மக்கியதை எடுத்து, 18 மில்லி மரைன் பிளைவுட் இரண்டு ஒட்டி, மேலே மறுபடி பைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட வேண்டும். படகு விலையில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். பார்த்த ஓட்டையை எபாக்சியால் அடைக்க மறக்காதே.

இன்ஜினும் மாற்றுவதாக இருந்தால் பின்பலகை உயரத்தை அள. 15 அங்குலத்துக்குக் கட்டைக் கால், 20 அங்குலத்துக்கு நீளக் கால். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கனம் கூடுதல், பழைய பலகை தாங்குமா பார்.

அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பார். குத்தினால் புளிப்பு நாற்றத்தோடு நீர் வந்தால் தண்ணீர் ஜெல்கோட்டை, அதாவது பைபரின் வெளிப்பூச்சை, தாண்டி உள்ளே போயிருக்கிறது. அதைக் காயவைக்கவே வாரக் கணக்கில் ஆகும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, அடி முழுக்க என்றால் வேண்டாம். மேலே மயிரிழை வெடிப்புகள் நட்சத்திரம் மாதிரி பரவியிருந்தால் உள்ளே ஸ்டிரிங்கர், அதாவது அடியைத் தாங்கும் நீளக் கட்டை, பிடிப்பு விட்டிருக்கிறதா என்று அந்த இடத்தைத் தட்டு.

சின்னச் சின்னப் பழுதை நீயே பார்த்துக்கொள்ளலாம். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலுக்கு 1 கிராம் பக்கமே நில். அதற்குக் கீழே போனால் முழுதாக இறுகாது, கூடினால் கலக்கி முடிப்பதற்குள் டின்னிலேயே கட்டியாகிவிடும். காலையில் வேலையை முடித்துவிடு. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் டின்னைத் திறக்காதே. பைபரைத் தேய்க்கும்போது மாஸ்க். வெயிலில் ஜெல்கோட் மங்கிச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். வருடத்துக்கு இரண்டு முறை பாலிஷ் போட்டு மெழுகு தேய்த்தால் நிற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மொன்சூன், அந்த மாதங்களில் கரையில் ஏற்றி, மூக்கு உயர்த்தி, அடி பிளக்கைத் திறந்து வை. மழைத் தண்ணீர் தானாக ஓடிவிடும். மறுபடி இறக்குமுன் பிளக்கை மூடினாயா என்று இரண்டு முறை பார்.

நீ எதை வாங்கினாலும் தனியாகப் போகாதே. கில் சுவிட்ச் கயிறு உன் கையிலோ பெல்ட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். நீ தவறி விழுந்தால் அது இன்ஜினை நிறுத்தும், இல்லையென்றால் படகு உன்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் ஏணி ஒன்று பொருத்து. உடை நனைந்து கனத்த மனிதன் கையால் மட்டும் விளிம்பைப் பிடித்து ஏற முடியாது. லைப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் இருந்து என்ன பயன்? பேரனுக்கு அவன் எடைக்கு ஏற்றது தனியாக வாங்கு. ரேடியோ வைத்தால் ஆபத்துக்கு சேனல் 16, போன் கிடைக்கும் தூரம் என்றால் 999. கிளம்புமுன் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாரிடம் சொல்வாய்? வீட்டில் ஆள் இருந்தால் அவளிடம் சொல்லலாம். யாரும் இல்லாவிட்டால் எங்களுக்குப் போன் பண்ணு, விடியற்காலை 4 மணி ஆனாலும் பரவாயில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை, போனிலும் வேலை வேலை என்கிறாய். வேலை இருக்கும்தான். ஆனால் வேலைக்கு நடுவில் ஒரு மனிதனுக்குக் கடலில் தனியாகப் போய் உட்காரத் தோன்றினால், பெற்றவனுக்கு வேறு என்னென்னவோ தோன்றுகிறது. மாமா வீட்டு விஷயம் உனக்கே தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். தனியாகப் போகாதே.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. 12 அடிக்கும் 16 அடிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் போடுகிறேன், கடனாக வேண்டாம். பதிவு, லைசன்ஸ் விஷயத்தை வாங்குமுன்பே கடல் துறையிலும் மீன்வளத் துறையிலும் கேட்டுக்கொள். பழைய படகு என்றால் பெயர் மாற்றும் காகிதம் கையில் வராமல் முழுப் பணமும் கொடுக்காதே.

வருகிற சனிக்கிழமை நானும் அம்மாவும் பஸ் ஏறுகிறோம். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே. விற்பவரிடம் படகைக் கரையில் ஏற்றி, அடியைக் கழுவிக் காயவைக்கச் சொல். ஈரத்தோடு தட்டினால் ஒன்றும் தெரியாது. பின்பலகையை உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தில் படம் எடுத்து இன்றே அனுப்பு. இன்னொன்று, நாங்கள் நேரே மெர்சிங் வருவதா, இல்லை கிள்ளானில் இறங்கி அவர்களையும் கூட்டிக்கொண்டு வருவதா என்பதை வியாழக்கிழமைக்குள் சொல். டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா