பெய்ஜிங் கல்லறைக் கல்வெட்டுகளைத் தமிழில் நூலாக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சீன வானொலி 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய பின், பெய்ஜிங் என்ற பெயர் நம் சிற்றூர்களிலும் கேட்டுப் பழகிய ஒன்றாகிவிட்டது. ஆயினும் அந்நகரின் கல்லறைகளில் உள்ள எழுத்துகளை நேரடியாகப் படித்து எழுதப்பட்ட தமிழ் நூல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. அந்த வானொலியின் பழைய நேயர்களும், பெய்ஜிங்கில் படித்தும் பணியாற்றியும் திரும்பியவர்களுமாக ஒன்பது பேர் சேர்ந்து அத்தகைய நூலொன்றைத் தொகுத்து வருகிறோம். அச்சேற்றும் நிலை நெருங்கியுள்ளதால் தங்கள் உதவியை நாடுகிறோம்.

நூலின் பெரும்பகுதி ஜாலான் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியது. பெய்ஜிங் நகரக் கம்யூனிஸ்ட் கட்சிப் பள்ளியின் வளாகத்துக்குள், வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும் அத்தோட்டத்தில் ஒரு சுற்றுக்குள் மூன்று கற்களும் அதனருகே அறுபது கற்களுமாக 63 கல்லறைக் கற்கள் நிற்கின்றன. இத்தாலியரான ஏசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1610 மே 11-இல் பெய்ஜிங்கில் இறந்தபோது, அயல்நாட்டவரான அவரை அங்கேயே அடக்கம் செய்ய வான்லி பேரரசர் நிலம் அளித்ததிலிருந்து இத்தோட்டத்தின் கதை தொடங்குகிறது. சீன அறிஞர் உடை தரித்துச் சீன நூல்களைக் கற்ற இவர் 1580-இல் குருப்பட்டம் பெற்றது நம் பக்கத்துக் கொச்சியில்தான். மதுரைக்கு 1606-இல் வந்து காவியுடுத்துத் தமிழ் கற்ற தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அதே சபையினர் என்பதால், தமிழ் வாசகருக்கு இக்கல்லறை முற்றிலும் அந்நியமானதன்று.

ரிச்சியின் கல்லைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உச்சியில் டிராகன் உருவங்களும் சிலுவைக் குறியும் இருக்க, நடுவில் பெரிய சீன எழுத்துகள் ஓட, ஒரு புறம் சீனத்திலும் மறுபுறம் இலத்தீனிலும் அவர் வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது. இறந்த ஆண்டைச் சீனர் தம் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் குறித்துள்ளனர். நம் அறுபதாண்டுக் கணக்கில் அது சாதாரண ஆண்டு. வாழ்ந்த காலம் 59 ஆண்டு என்கிறது கல். அவர் பிறந்தது 1552 அக்டோபரில். நிறைந்த வயது 57, நம் வழக்கப்படி நடப்பு வயது 58. பிறந்தவுடன் ஒன்று, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என எண்ணும் சீன முறையில்தான் 59 வருகிறது. இத்தகைய இடங்களில் குறிப்பு எழுதாமல் வெறுமனே மொழிபெயர்த்துப் பயனில்லை.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். முதலில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் ஆங்கிலம் வழியாகச் செய்யக் கொடுத்தோம். கல்லில் ‘லீ’ என்ற சீனப் பெயரால் குறிக்கப்படும் ரிச்சி, ‘லீ பெருமகனார்’ என வரவேண்டியவர், ‘எஜமான் லீ’ ஆகித் திரும்பி வந்தார். அந்தப் பணம் போனது போனதுதான். இப்போது பழஞ்சீனமும் இலத்தீனும் அறிந்த இருவர் மூலத்திலிருந்தே சரிபார்க்கின்றனர்.

1900-இல் அயல்நாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்சர் கிளர்ச்சியின்போது ஜாலான் கல்லறைகள் தோண்டப்பட்டு எலும்புகள் சிதறடிக்கப்பட்டன. 1966-இல் மாவோவின் பண்பாட்டுப் புரட்சி தொடங்கி, அதன் இளைஞர் படையான செங்காவலர் உடைக்க வந்தபோது, மண்ணில் ஆழப் புதைத்துவிடலாம் என்ற யோசனையால் ரிச்சியின் கல் தப்பியது. அப்புரட்சியின் பத்தாண்டு கழிந்தபின் அது மீண்டும் நிறுத்தப்பட்டது. நிலம் கொடுத்த வான்லி பேரரசருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. நகருக்கு வடக்கே மிங் பேரரசர் பதின்மூவரின் கல்லறைகள் உள்ள பள்ளத்தாக்கில் அவருடைய திங்லிங் கல்லறை 1956-இல் அகழத் தொடங்கப்பட்டது. எடுக்கப்பட்ட எலும்புகள் அதே 1966-இல் எரிக்கப்பட்டன. விருந்தினரின் கல் மண்ணுக்குள் இருந்து பிழைக்க, விருந்தளித்தவர் மண்ணைவிட்டு வெளியே வந்ததால் அழிந்தார்.

1630-இல் கொடிய தண்டனையால் கொல்லப்பட்ட தளபதி யுவான் சோங்ஹுவானின் தலையைக் கவர்ந்து வந்து அடக்கம் செய்ததாகவும், பதினேழு தலைமுறைகளாக அக்கல்லறையைக் காத்ததாகவும் சொல்லப்படும் ஷெ குடும்பத்தின் வரலாறு தனி இயலாக வருகிறது. புரட்சித் தலைவர்கள் அடங்கிய பாபாவோஷான் பற்றிச் சுருக்கமாகவே எழுதியுள்ளோம்.

600 படிகள் அச்சிடவும், படங்களுக்கும், சரிபார்ப்பவர்களின் மதிப்பூதியத்துக்குமாக ரூ. 3,20,000 தேவைப்படுகிறது. இதில் ரூ. 1,10,000-ஐக் குழுவினர் ஏற்றுள்ளோம், மீதி ரூ. 2,10,000-க்கே இவ்வேண்டுகோள். எவ்வளவு சிறிய தொகையையும் ஏற்போம். ரூ. 1,000-உம் அதற்கு மேலும் வழங்குவோருக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். குழு பதிவு பெற்ற அறக்கட்டளை அன்று என்பதால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை முன்னரே தெரிவித்துவிடுகிறோம். தொகையைக் குழுவின் பொருளாளரிடம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கு நூலின் இறுதிப் பக்கத்தில் அச்சிடப்படும். பணம் மிஞ்சினால் கல்லூரி நூலகங்களுக்கு இலவசப் படிகள் அனுப்பப்படும்.

இங்ஙனம்,
நூலாக்கக் குழுவினர்